சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்

ஆட்டோக்காரர் இறக்கிவிட்ட இடத்தில் கம்பி வேலி இருந்தது, வேலிக்குள் ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் செங்கல் சுவர், இதைப் பார்க்கவா ஆடுதுறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தோம் என்று நான் கேட்கவில்லை, கேட்கக் கூடாது என்று நேற்று பஸ் ஏறும்போதே முடிவு செய்திருந்தேன். என் வீட்டுக்காரர் காட்டுவதையெல்லாம் பார்ப்பது, உட்காரச் சொல்லும் இடத்தில் உட்காருவது, பன்னிரண்டு மணிக்குள் அந்த ஒரு வார்த்தையை வாங்கிவிடுவது. இப்போது மணி ஒன்பதே கால். செவ்வாய்க்கிழமை தஞ்சாவூரில் டாக்டரம்மா மேஜைக் காலண்டரை எங்கள் பக்கம் திருப்பி வைத்துச் சொன்னார், "சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள சரின்னு ஒரு போன் பண்ணிடுங்க, புதன்கிழமை ஆபரேஷன் வச்சுக்கலாம். இல்லேன்னா அந்த நாளை வேற ஆளுக்குக் கொடுத்துடணும், உங்களுக்கு மறுபடி நாள் கிடைக்க ஆறு வாரம் ஆகும், அது ஆறு வாரம் காத்திருக்காதும்மா." அது என்று அவர் சொன்னது இவர் தொண்டையில் மறுபடி முளைத்திருப்பதை. என்னிடம்தான் சொன்னார், இவரிடம் சொல்லவில்லை, இவர் அந்த நேரம் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் கை வைத்தபடி, "சனிக்கிழமை பூம்புகார் போயிட்டு வருவமா தையலு" என்று கேட்டார். ஏழு கிழமையில் சனிக்கிழமைதான் கிடைத்ததா உங்களுக்கு என்று நினைத்தேன். போகலாம் என்றேன். டெலிபோனுக்குப் பயந்து ஓடி ஒளிய ஊர் ஒன்று வேண்டுமென்றால் நானும் கூடவே வருகிறேன், டெலிபோன் என் இடுப்பில் வரும்.

வேலி ஓரமாகவே நடந்து ஒரு மூலையில் நின்றார், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பின்னாலிருந்து பார்த்தால் அதே முதுகுதான், கோர்ட் வராந்தாவில் முப்பத்தொரு வருஷம் நின்ற முதுகு. கும்பகோணம் கோர்ட்டில் கட்சிக்காரர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை இவருக்கு. உள்ளே இருந்து பேரை எடுத்துக் கொடுப்பார்கள், இவர் வராந்தா ஓரத்துக்கு வந்து கூப்பிடுவார், சாலைக்கு எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருப்பவன் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவான். கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாப்பாட்டுக் கூடையோடு போய் அந்தக் கூட்டத்தில் நின்றேன், யாரோ ஒரு மங்கையர்க்கரசியைக் கூப்பிட்டார், எனக்கு அந்தப் பெண் மேல் பொறாமை வந்தது, அவள் புருஷனிடம் ஜீவனாம்சம் கேட்டு வந்திருந்த பாவம் அவள். அந்தக் குரல் போன வருஷம் ஆடி மாதம் கரகரத்தது. தண்ணீர் மாறியிருக்கும் என்றார், தூசி என்றார், அப்புறம் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்துப் புற்றுநோய் என்றார். முப்பத்து மூன்று நாள் கரண்டு வைத்தார்கள், கதிர் வைத்தியத்துக்கு அங்கே எல்லோரும் சொல்லும் பேர் அது, கழுத்துத் தோல் கருத்து உரிந்தது, எச்சில் வற்றியது, போய்விட்டது என்றார்கள், எட்டு மாதத்தில் வந்துவிட்டது. இனி குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும், கழுத்தின் கீழே ஒரு துவாரம், மூச்சு அதன் வழியாக. பேசுவதற்கு ஒரு சின்ன வால்வு வைக்கலாம், பழகிக்கொள்ளலாம், பலபேர் பேசுகிறார்கள் என்றார் டாக்டரம்மா. இவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். ஆஸ்பத்திரி நடையில் வைத்து ஒரே ஒரு தடவை சொன்னார், "வேண்டாம் தையலு. இருக்கிற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன்." போறேன் என்று எவ்வளவு சுலபமாக வருகிறது, காய்கறிக் கடைக்குப் போறேன் என்பது மாதிரி.

இன்று காலை ஐந்தரைக்கு லாட்ஜ் ரூமில் விழித்தபோது பக்கத்தில் இவர் இல்லை. கதவு சாத்தியிருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. புடவையை அள்ளிச் செருகிக்கொண்டு செருப்பில்லாமல் ஓடினேன், கடற்கரை வரைக்கும் நானூறு அடி இருக்கும், அந்த நானூறு அடியில் என் மனசு பார்த்ததையெல்லாம் நான் யாரிடமும் சொல்லமாட்டேன். தண்ணீர் ஓரமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார், படகுகள் கரைக்கு வருவதைப் பார்த்துக்கொண்டு. என் மூச்சிரைப்பைக் கேட்டுத் திரும்பினார். "எதுக்கு இப்படி ஓடியாந்தே?" "காபி கிடைக்குதான்னு பார்க்க வந்தேன்." செருப்பில்லாத என் காலைப் பார்த்தார். அந்த வார்த்தையை அப்போதே கேட்டிருக்கலாம். பயந்துபோயிருந்தேன், பயத்தில் பேசினால் கெஞ்சுவேன், கெஞ்சினால் இவர் என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பித்துவிடுவார், வலது கையால் என் தலையைத் தடவுவார், பேச்சு அதோடு தீர்ந்துவிடும். பதினேழு வருஷமாகச் சத்துணவுக் கூடம் நடத்துகிறேன், முட்டை சின்னதாக வந்தால் லாரியைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், அதிகாரியிடம் கெஞ்சி நான் எதையும் வாங்கியதில்லை, நிமிர்ந்து நின்று கேட்டுத்தான் வாங்கியிருக்கிறேன். இதையும் அப்படித்தான் கேட்க வேண்டும்.

வேலி ஓரமாக அந்த இடத்துக் காவலாளி குடையை ஊன்றிக்கொண்டு வந்தார், அறுபது வயசிருக்கும், பேச ஆள் கிடைத்த சந்தோஷம் முகத்தில் தெரிந்தது. "இங்கதான் சார் படகு கட்டுனாங்க. இது படித்துறை. அந்தக் காலத்துல தண்ணி இதுவரைக்கும் வந்திருக்கு, இப்ப பாருங்க, நெல்லு வெளஞ்சிருக்கு." செங்கல் நம் ஊர்ச் செங்கல் மாதிரி இல்லை, ஒன்று என் இரண்டு சாண் இருக்கும் போல, அடியில் பச்சைத் தண்ணீர் தேங்கி அதில் ஒரு தவளை. பழைய பட்டணத்தில் மிச்சமெல்லாம் எங்கே என்று இவர் கேட்டார். கேட்கும்போது குரல் பாதியில் அறுந்து, காற்றாக வந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. "கடலுக்குள்ள சார்," என்று கிழக்கே குடையை நீட்டினார் அவர், அப்புறம் இவரை உற்றுப் பார்த்து, "என்ன சார், தொண்டை கட்டிக்கிச்சா? பால்ல மிளகைத் தட்டிப் போட்டுக் குடிங்க, ரெண்டே நாள்ல விட்டுடும்" என்றார். "சரிங்க" என்றார் இவர். வழியில் போகிற ஆளுக்கு மிளகுப் பாலுக்கு ஒரு சரிங்க, எனக்குக் கிடையாது. மணி பத்து அடிக்கப் போகிறது. கடலுக்குள் போன பட்டணத்தைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் வரவில்லை, அது போய் எத்தனை நூறு வருஷமோ ஆகிறது, அதற்காக அழுகிறவர்கள் அழட்டும், என் ஆள் இதோ நாலடி தூரத்தில் வேட்டியில் மண் ஒட்டி நிற்கிறார்.

வேலிக்கு வெளியே வேப்பமர நிழலில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. உட்கார்ந்ததும் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன், இவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விழுங்க முடியும், குடித்து முடிக்கும் வரை பார்க்காத மாதிரி வேறு பக்கம் பார்க்கப் பழகியிருந்தேன். முடித்ததும் ஆரம்பித்தேன், மூன்று நாளாக மனசுக்குள் கோத்து வைத்திருந்ததை. "எனக்கு உங்க குரல் பெரிசில்லைங்க. அது இல்லேன்னாலும் எனக்கு ஒண்ணும் குறையாது. நீங்க இருந்தாப் போதும்." சொல்லி முடிக்கும்போதே அது பொய் என்று என் காதுக்கே கேட்டது. இவரும் திரும்பி என்னைப் பார்த்தார், அந்தப் பார்வையை எனக்குத் தெரியும், சாட்சிக் கூண்டில் ஒருத்தர் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும்போது இப்படித்தான் பார்ப்பேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். "ம்" என்று பாட்டிலை மூடினார். நான் சொன்னது பொய்தான். எனக்கு முப்பத்தெட்டு வயசில் கர்ப்பப்பையை எடுத்தார்கள், வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் தையல் பிரிந்து புண் திறந்துகொண்டது, சீழ், வாடை, எங்கள் மகள் சுடர்க்கொடி அப்போது பத்தாவது படிக்கிறாள், நடையிலேயே நின்று அம்மா அம்மா என்பாள், உள்ளே வரமாட்டாள், குழந்தை, அவளைக் குற்றம் சொல்ல முடியாது. நர்சு நாலு நாள் வந்தாள், அப்புறம் இவர்தான். காலையில் கோர்ட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருவார், துணியை எடுப்பார், மருந்துத் தண்ணீரில் கழுவுவார், புதுத் துணியை இடுக்கியால் உள்ளே அடைப்பார், நாற்பத்து மூன்று நாள். அந்த நேரம் பூராவும் பேசிக்கொண்டே இருப்பார், ஒரு கிணற்றுக்காக இரண்டு அண்ணன் தம்பி இருபது வருஷமாகக் கோர்ட்டுக்கு வருவதையும், இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் வந்து ஒரே சைக்கிளில் திரும்பிப் போவதையும், நான் சிரித்தால் வயிறு வலிக்கும் என்று தெரிந்தும் அதைத்தான் சொல்வார். இடுக்கி உள்ளே போகும்போது நான் அந்தக் குரலைத்தான் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். அதைப் போய்ப் பெரிசில்லை என்று சொல்லிவிட்டேன்.

காவலாளி தூரத்தில் யாருக்கோ போன் போட்டு உரக்கப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு இவராகவே சொன்னார், "குரலுக்காக இல்லை தையலு." நான் அசையவில்லை, ஏனென்றால் ஆபரேஷனைப் பற்றி மூன்று நாளில் இதுதான் அவர் பேசிய முதல் பேச்சு. "கரண்டு வைக்கப் போனோமே, அங்க ஒருத்தர் வருவார், பச்சைத் துண்டு போட்டு, கழுத்துல ஓட்டையோட. சளி அந்த வழியாத்தான் வரும் அவருக்கு. இருமினா எதிர்ல இருக்கவங்க எந்திரிச்சுப் போயிடுவாங்க. அதைக்கூட விடு. அவர் சம்சாரம் பக்கத்துலதான் உட்கார்ந்திருக்கும், முகம் மட்டும் ஜன்னல் பக்கம். முப்பத்து மூணு நாளும் பார்த்தேன், ஒரு நாள்கூட அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கலை." நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "நீ அப்படி ஜன்னல் பக்கம் திரும்பறதை நான் பார்க்க முடியாது. அதுக்கு முன்னால போயிடணும்." சொல்லிவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார், ஆட்டோ நின்ற சாலையை நோக்கி, கடற்கரைக்குப் போகலாம் என்று கையைக் காட்டினார். இவ்வளவுதானா. மூன்று நாளாக நான் எதிலெல்லாம் போய் முட்டிக்கொண்டிருந்தேன், சாவு பயம் என்று நினைத்தேன், கத்தி பயம் என்று நினைத்தேன், கோர்ட்டு வராந்தாவை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். அந்த அம்மாவை எனக்குத் தெரியும். திருத்துறைப்பூண்டிப் பக்கம், பேர் செண்பகவல்லி, ஆஸ்பத்திரிக் குழாயடியில் தினமும் பேசுவோம். பேசியதை நான் இவரிடம் சொன்னதில்லை, நோயாளிகள் கதையை நோயாளியிடம் எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

ஆட்டோவில் சொல்லவில்லை, அந்த ஆள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே ஓட்டினான். இறங்கியபோது பதினொன்று பத்து. கரையில் கருங்கல் கொட்டி வைத்திருந்தார்கள், இன்னும் உள்ளே வராதே என்று கடலிடம் சொல்கிற மாதிரி, அலை வந்து கல்லுக்கு அடியில் புகுந்து திரும்பியது. வெயில் ஏறிவிட்டது, மீன் வறுக்கிற வாசனை, பள்ளிக்கூடச் சுற்றுலாப் பிள்ளைகள் வரிசை கலைந்து ஓடினார்கள், அவர்கள் சாப்பிட்டிருப்பார்களா என்று ஒரு நொடி மனசு வழக்கம்போல் எண்ணியது. இவர் ஒரு தட்டைக் கல்லில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் உட்காரவில்லை, எதிரே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், என் முகத்தை இவர் பார்க்க வேண்டும். "அந்த அம்மா ஏன் ஜன்னலைப் பார்த்துச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். "அவருதான் பார்க்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. திரும்பினா முறைப்பாராம், எழுதிக் காட்டுற நோட்டைத் தூக்கி எறிவாராம். எங்கிட்டச் சொல்லி அழுதாங்க, பதினாலு மாசமா எம்புருஷன் முகத்தை நேரா பார்க்க விடலை, தூங்கும்போது திருட்டுத்தனமா பார்க்கறேன்னு." இவர் புருவம் சுருங்கியது. "நெசமாவா?" "நான் எதுக்குப் பொய் சொல்லணும்." சொன்ன பிறகு எனக்கே உறைத்தது, ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் ஒன்று சொன்னேன். சரி, அதையும் எடுத்துவிட வேண்டியதுதான்.

"காலையில சொன்னது பொய்" என்றேன். "உங்க குரல் போச்சுன்னா நான் அழுவேன். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, ரொம்ப நாள் அழுவேன். தெருவுல வரும்போதே உங்க பேச்சு கேக்கும், அதுக்கு அப்புறம்தான் நான் உலையை எறக்குவேன், இருபத்தொன்பது வருஷமா அப்படித்தான். அது போனா எனக்குப் பெரிய நஷ்டம். ஆனா அதுக்கு அழறதுக்கு நீங்க எதிர்ல இருக்கணும். நீங்களும் போயிட்டா நான் யாருகிட்டப் போய் அழறது?" அவர் வாயைத் திறந்தார், நான் விடவில்லை, இப்போது விட்டால் கை என் தலைக்கு வந்துவிடும். "என் வயித்துப் புண்ணை நாப்பத்து மூணு நாள் கழுவினீங்க. நான் பார்க்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா? துணியை இழுத்துப் பிடிச்சுக்கிட்டேன். என்ன சொன்னீங்க?" இவர் தன் கையைப் பார்த்தார். "கையை எடுடின்னீங்க. அதட்டித்தான் சொன்னீங்க. அதே மாதிரி நானும் அதட்டுவேன். பார்க்காதேன்னு நீங்க நோட்டுல எழுதிக் காட்டினா நோட்டைப் பிடுங்கி அடுப்புல போடுவேன். சளியைத் துடைக்கிறதுக்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், எண்பத்தாறு பிள்ளைங்க மூக்கைத் துடைச்சுட்டுத்தான் தினம் சோறு போடறேன்." நான் அழுகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை, காற்றில் உப்பு, முகமெல்லாம் பிசுபிசுப்பு. "நான் கெஞ்சலை. எனக்கு நீங்க வேணும்னு கேட்கறேன். முடியாதுன்னா முடியாதுன்னு என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க, கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லாதீங்க."

இவர் என் முகத்தைத்தான் பார்த்தார், ரொம்ப நேரம். எனக்குப் பின்னால் அலை கல்லில் ஏறி என் முதுகில் தெறித்தது, நான் நகரவில்லை. எத்தனை அலை என்று தெரியாது. அவர் கழுத்தில் கரண்டு வைத்துக் கருத்த இடம் விழுங்கும்போது ஏறி இறங்கியது, அந்த இடத்தைத்தான் எடுப்பார்கள், அதற்குக் கீழேதான் துவாரம் வரும், நான் அதையே பார்த்தேன், இப்போதே பார்த்துப் பழகிக்கொள்ளலாம் என்று பார்த்தேன், நான் எங்கே பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தது. கையை எடுத்துக் கழுத்தை மறைக்கப் போனார், பாதியில் நிறுத்திக் கையை மடியில் போட்டுக்கொண்டார். "போனைக் குடு" என்றார். எடுத்து நம்பரை நான் அழுத்தப் போனபோது, "நான் பேசறேன்" என்று வாங்கிக்கொண்டார். பதினொன்று முப்பத்தெட்டு. ஆஸ்பத்திரியில் எடுத்த பெண்ணுக்கு இவர் பேர் விளங்கவில்லை, மதியழகனா என்று கேட்டாள் போல. "மருதவாணன்" என்றார், எழுத்து எழுத்தாக, கடல் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு. வாங்கி நானே பேசிவிடலாம் என்று கை துறுதுறுத்தது, இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தேன். "புதன்கிழமைக்குச் சம்மதம்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிடுங்க. ஆமா. நான்தான், நோயாளிதான் பேசறேன். திங்கக்கிழமை காலையில வந்துடறோம்." போனைத் திருப்பிக் கொடுத்தார். "பசிக்குது" என்றார். வறுத்த மீன் வாங்கி முள் பார்த்து உதிர்த்துக் கொடுத்தேன், சின்னச் சின்னதாக விழுங்கினார், இந்தத் தடவை நான் வேறு பக்கம் பார்க்கவில்லை, விழுங்கி முடியும் வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்றரை மணி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இவர், பக்கத்தில் நான். மயிலாடுதுறைக்கு இரண்டு டிக்கெட் வாங்கி மோதிர விரலில் சுருட்டி வைத்துக்கொண்டேன். பஸ் நகர்ந்து கடல் மறைந்து வயல் வந்ததும் வேறொரு பயம் வந்தது, மூன்று நாளாக எங்கே இருந்ததோ. புதன்கிழமை எட்டு மணி நேரம் ஆகும் என்றார் டாக்டரம்மா. உள்ளே போனவர் வெளியே வராவிட்டால். வந்த பிறகும் ஆறாவிட்டால். எல்லாம் சரியாகி வீட்டுக்கு வந்து, நான் அடுப்படியில் நிற்க, தெருவில் இவர் வருவது தெரியாமலே வந்து பின்னால் நின்றால். சம்மதிக்க வைத்தது நான், ஏதாவது ஆனால் சுடருக்கு என்ன பதில் சொல்வேன். இவ்வளவு நேரம் கேட்டு வாங்குவதிலேயே இருந்துவிட்டேன், வாங்கிய பிறகு கையில் இருப்பது எவ்வளவு கனம் என்று இப்போதுதான் தெரிகிறது. இருக்கட்டும். பயப்படாமல் செய்ய வேண்டும் என்று யார் சொன்னது. நாளைக்குச் சமையல் உதவியாளரிடம் சாவியைக் கொடுக்க வேண்டும், பழைய வெள்ளை வேட்டிகளைக் கிழித்து வெந்நீரில் போட்டு அலசி வெயிலில் காய வைக்க வேண்டும், சுடருக்குப் போன் செய்து இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும், இந்தத் தடவை நடையில் நிற்கக் கூடாது என்றும் சொல்ல வேண்டும். "ஏதாவது பேசிக்கிட்டு வாங்க" என்றேன். "என்ன பேச?" "எதுவா இருந்தா என்ன. மயிலாடுதுறைக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு." கொஞ்சம் யோசித்தார், அப்புறம் தன் பத்தாவது வயசில் ஒரு நாய் வளர்த்ததையும் அது இவரை விட்டுவிட்டுத் தபால்காரர் பின்னாலேயே ஊரெல்லாம் சுற்றியதையும் சொல்ல ஆரம்பித்தார், இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத கதை. பஸ்ஸின் இரைச்சலில் பாதி வார்த்தை காதில் விழுந்தது, பாதி விழவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை, அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அசைகிற அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டு, காதில் விழாததை அங்கிருந்து எடுத்துக்கொள்ளப் பழக ஆரம்பித்தேன்.